ஹேசல் பேரில் ஒரு குழி

பிப்ரவரி 11, 1999

அன்புள்ள ஹேசலுக்கு,

மாமா வில்ஃப் எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம் என்று எழுத முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அக்கா போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். மார்பில் சளி கட்டி, மூச்சு நின்றுவிட்டது. அவள் போன அழகைப் பார்த்து டாக்டர்களே தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். வார்டே எழுந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது. கடைசியாக உன் பெயரைத்தான் சொன்னாள். ஒருமுறை அல்ல, மூன்று முறை, தெளிவாக. உடன் இருந்த லென் அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தான். அதனால் அவனுக்கு இது தெரியாது.

உன் டெலிபோன் எண் எங்களில் யாரிடமும் இல்லை. அக்கா வருடா வருடம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பிய விலாசத்துக்கே இதை எழுதுகிறேன். ஒரு அட்டைக்கும் பதில் வந்ததில்லை. ஒன்றும் திரும்பியும் வந்ததில்லை. ஆகவே விலாசம் சரியானது என்று எடுத்துக்கொள்கிறேன். துப்பறிவது எனக்குப் புதிதல்ல.

இப்போது சட்ட விஷயம். பயப்படாதே, உன் மாமா இருக்கிறேன். லிங்கன் நகர நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார்ந்தவன் நான். வழக்கு பாதியில் கலைந்துவிட்டது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். கலைந்ததற்கு நான் அந்த வக்கீலை முறைத்த முறைப்பே காரணம் என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். அன்றிலிருந்து நம் ஊர் கிளப்பில் யாருக்குச் சட்டச் சந்தேகம் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். போன மாதம்கூட ஹோவர்ட் வந்தான். பக்கத்து வீட்டு ஆப்பிள் கிளை தன் தோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். வெட்டு, ஆனால் வெட்டியது அவனுடைய சொத்து, திருப்பிக் கொடு என்றேன். ஹோவர்ட் வேலிக்கு மேலே தூக்கிப் போட்டான். அது அந்த ஆள் மண்டையில் விழுந்ததற்குச் சட்டம் பொறுப்பில்லை.

விஷயம் இதுதான். அக்காவை உன் அப்பா ரெஜ் இருக்கும் குழியில்தான் அடக்கம் செய்ய வேண்டும். அது அன்றைக்கே இருவர் ஆழத்துக்கு வெட்டியது. கீழே ரெஜ் இருக்கிறார். மேலே ஒரு இடம் இருபது வருடமாகக் காலியாக இருக்கிறது. கல்லிலும் அவர் பெயருக்குக் கீழே அக்கா பெயருக்கென்று வெற்றிடம் விட்டுத்தான் செதுக்கினார்கள். அவள் விருப்பமும் அதுதான். ஆனால் குழி உன் பேரில் இருக்கிறது. அதைத் திறக்க உன் கையெழுத்து வேண்டும்.

உன் பேரில் வைத்தது என் யோசனைதான். இன்றைக்கும் அதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு இந்த மாவட்டத்தில் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. ரெஜ் போனதும் அக்காவிடம் சொன்னேன்: "உன் பேர்ல எதையும் வெச்சுக்காத அக்கா. நாளைக்கு நீ முதியோர் இல்லத்துக்குப் போனா, நகராட்சிக்காரன் உன் பேர்ல இருக்கறதையெல்லாம் வித்துத்தான் உனக்குச் சோறு போடுவான்." அவள் சிரித்துவிட்டு, "என் பேர்ல என்னடா இருக்கு?" என்றாள். யோசித்துப் பார்த்தோம். வீடு நகராட்சியுடையது. டெலிவிஷன் வாடகை. சொந்தம் என்று இருந்தது அந்தக் குழி ஒன்றுதான். ஆகவே அதைக் காப்பாற்றினேன்.

அடக்கம் முடிந்த அன்று சமையலறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே நீ கையெழுத்துப் போட்டாய். ஒரு வாரத்தில் நியூசிலாந்துக்கு விமானம் ஏறிவிட்டாய். அக்கா முதியோர் இல்லத்துக்குப் போகவே இல்லை. நகராட்சியால் அந்தக் குழியைத் தொட முடியவில்லை. மாமா ஜெயித்தேன்.

தாள் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

என் கடைசிக் காலத்தைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். கடல் பார்த்த பக்கத்தில், பெரிய மரத்தடியில், எனக்கென்று ஒரு இடம் வாங்கிப் போட்டிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்திலேயே முதல்தரமான இடம். இரண்டு இடம் தள்ளி பழைய மேயர் படுத்திருக்கிறார். அவரே எனக்கு அண்டை வீட்டுக்காரர்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். பேனாவை எடு.

சட்டமும் உலகமும் தெரிந்த உன் மாமா,
வில்ஃப் ஸ்கெல்டன்

*

மார்ச் 5

அன்புள்ள ஹேசல்,

உன் பதில் தபாலில் எங்கோ சிக்கியிருக்க வேண்டும். நியூசிலாந்துத் தபால்காரர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டவை எதுவும் நன்றாக இல்லை. ஆகவே இன்னொரு தாள் வைத்திருக்கிறேன்.

அக்கா இன்னும் சவப்பெட்டிக்கார டவ்வரிடம்தான் இருக்கிறாள். அவர் கடையின் பின்னால் இருக்கும் குளிர் அறையில். டவ்வர் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. ஆனால் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வில்ஃப், இதுக்கு மேல பெட்டியைத் திறந்து பாக்க வேணாம்னு லென்கிட்ட நீயே சொல்லிடு" என்றார். லென் தினமும் காலையில் அங்கே போய் உட்காருகிறான். சொன்னேன். அவன், "மூடி இருந்தா என்ன, உக்காரத்தானே போறேன்" என்றான்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது லென் எதிரில்தான் இருக்கிறான். அவன் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முன் கடிதத்தின் நகலை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், இலக்கியம் என்ற முறையில். திருத்தச் சொல்கிறான். அவன் தேநீர் வாங்கப் போகவில்லையாம். வார்டு எழுந்து நிற்கவில்லையாம். டாக்டர் ஒரே ஒருவர், அதுவும் கடைசியில்தான் வந்தாராம். அக்கா யார் பெயரையும் சொல்லவில்லையாம். "பின்கதவைப் பூட்டினியா?" என்று கேட்டாளாம். பூட்டினேன் என்று இவன் சொன்னானாம். அவ்வளவுதானாம். நான் எழுதியதே நன்றாக இருந்தது. ஆனால் லென் பிடிவாதக்காரன்.

நகராட்சியின் கல்லறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பிளாஞ்சார்ட் என்று ஒரு அம்மாள். எனக்கு மகள் வயது. பிஸ்கட் கொடுத்தாள். நான் என் வாதங்களை வரிசையாக அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்துப்போனவங்க ஆசை எனக்குப் புரியுது, பெரியவரே. உங்க ஆசையும் புரியுது. ஆனா குழி யார் பேர்ல இருக்கோ அவங்க சம்மதம்தான் எனக்கு வேணும்" என்றாள். நான் ஜூரியில் உட்கார்ந்தவன் என்று சொன்னேன். "அப்ப உங்களுக்கு இது சுலபமாப் புரியுமே" என்றாள். நீ பதிலே போடவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். திறக்கமாட்டார்களாம். "அது அவளைப் பெத்த அம்மா, தாயே!" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். "அதை நீங்க அவங்ககிட்டதான் சொல்லணும்" என்றாள். கெட்டிக்காரி. வக்கீலாகியிருக்க வேண்டியவள்.

எரித்துவிட்டால் சாம்பலை எங்கேயாவது வைக்கலாமே என்று டவ்வர் கேட்டார். முடியாது என்றேன். யுத்தத்தில் துறைமுகத் தெரு எரிந்தபோது அக்கா பதினெட்டு வயதுப் பெண். ஆட்களை வெளியே இழுத்துப் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. உன் பிறந்தநாள் கேக்கில் ஒரு வருடம்கூட மெழுகுவர்த்தி வைக்கவில்லை என்று நீ அழுவாயே, அதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. "என்னை மட்டும் கொளுத்திடாதீங்கடா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

நீ இன்னும் லென் விஷயத்தில்தான் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா முன்னறையில் பக்கவாதத்தில் கிடந்தபோது, மாடியில் குடியிருக்க வந்த ஆள் உன் அம்மாவோடு... அதை நான் எழுதவில்லை. நீ பார்த்தாய். ரெஜ் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் லென்னை உள்ளே விடாமல் நீ குடையை நீட்டித் தடுத்ததை ஊரே பார்த்தது.

ஆனால் ரெஜை யார் தூக்கினார்கள் என்று நீ பார்த்திருக்க மாட்டாய். நீ வாரக் கடைசியில்தானே வருவாய். குளிக்க வைக்க, படுக்கை மாற்ற, எல்லாவற்றுக்கும் தூக்கியது லென். உன் அப்பா கல் மாதிரி கனம். ரெஜ் அவன் கையைப் பிடித்து, "லென், நீ எனக்குத் தம்பி மாதிரி, என் மனைவியைப் பார்த்துக்கொள்" என்று கண்ணீர் விட்டதாக இங்கே ஒரு அருமையான பத்தி எழுதியிருந்தேன். லென் அடிக்கச் சொல்லிவிட்டான். "அவர் என்கிட்ட ஒருநாளும் பேசினதில்ல, வில்ஃப். தூக்கும்போது கண்ணை மூடிக்குவார். இறக்கி விட்டப்புறம்தான் திறப்பார். அதை எழுது" என்கிறான். எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம் எனக்கே புதிது. அக்கா ஏன் ரெஜோடு படுக்க வேண்டும் என்றாள் என்று லென்னைக் கேட்டேன். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தவனுக்கு வருத்தமாக இருக்காதா? அவனிடம் அவளே சொல்லியிருக்கிறாள்: "ரெஜுக்குக் கொடுத்த வாக்குல பாதியைத்தான் காப்பாத்தினேன், லென். மிச்சத்தை அங்க போய்ப் படுத்துக் காப்பாத்தறேன். நீ கோவிச்சுக்காத." இவன் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்ஸ் வாங்கித் தரவா என்று கேட்டது போலச் சரி என்றிருக்கிறான்.

மரணத்தைப் பதிவு செய்யவும் அவனோடு நான் போனேன். ஏழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் சட்டப்படி புருஷன்தான், மோதிரம் தேவையில்லை என்று அவனுக்கு நான் முன்பே விளக்கியிருந்தேன். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் அந்த அலுவலகத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. இறந்தவருக்கு நீங்கள் யார் என்று கேட்டார்கள். லென், "புருஷன் மாதிரி" என்றான். "மாதிரிக்கு இதுல இடம் இல்லைங்க" என்றார் அந்த அதிகாரி. அக்காவை 'ரெஜினால்ட் மம்பியின் விதவை' என்று எழுதினார். லென்னை 'இறக்கும்போது உடனிருந்தவர்' என்று எழுதினார். நான் சண்டைக்கு எழுந்தேன். லென் என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "விடு, உடன் இருந்தேன்ல. அது போதும்" என்றான்.

இப்போது அவன் சொல்லச் சொன்ன செய்தி, வார்த்தை மாறாமல். "நான் கல்லறைப் பக்கம் வரமாட்டேன். வாசலுக்கும் வரமாட்டேன். எதிர்ல பஸ் நிக்கற இடத்துல நின்னுக்கறேன். மணி அடிக்கறது அங்கயே கேக்கும். அந்தப் பொண்ணு கையெழுத்து மட்டும் போடட்டும்."

எழுபத்தாறு வயது ஆள். கொஞ்சம் யோசி, ஹேசல்.

கை கூப்பிக் கேட்கிறேன். நான் அதிகம் கை கூப்புகிறவன் அல்ல.

மாமா,
வில்ஃப் ஸ்கெல்டன்

*

ஏப்ரல் 9

ஹேசல் கண்ணு,

உன் கடிதம் வந்தது. நாலு வரிதான். என் கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

"குழி என் பேர்ல இருக்கு. நீங்கதான் வெச்சீங்க. அதுல மிச்சம் இருக்கறது ஒரு இடம், எனக்கு அது வேணும். கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்பாகிட்ட வந்துடறேன்."

கிளப்பில் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கொண்டுவந்ததில்லை.

முதலில் பிளாஞ்சார்ட் அம்மாளிடம் ஓடினேன். மூன்றாவதாக ஒரு பெட்டி அந்தக் குழியில் வைக்க முடியாது. சட்டம் விட்டாலும் மண் விடாது. சாம்பல் என்றால் நிறைந்த குழியிலும் மேலாக வைக்கலாம் என்றாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உனக்கு எழுதினேன். நியூசிலாந்திலிருந்து பெட்டி வருவது எவ்வளவு கஷ்டம், சாம்பலாக வந்தால் எவ்வளவு சுலபம், அம்மாவுக்கும் இடம், உனக்கும் இடம், அப்பாவுக்கும் துணை. என் வாழ்நாளில் எழுதியதிலேயே தெளிவான சட்ட யோசனை. உறையில் போட்டுத் தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

லென் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். "செத்தவளுக்காகச் சாகப்போறவகிட்ட பேரம் பேசறியா, வில்ஃப்?" என்றான். உறையை வாங்கி அடுப்பில் போட்டான். தபால்தலை வீணாயிற்று என்று நான் சத்தம் போட்டேன். வேறு எதைச் சொல்லிச் சத்தம் போடுவது?

ஆகவே அக்காவை என் இடத்தில் அடக்கம் செய்துவிட்டேன். அந்தப் பெரிய மரத்தடியில். அதற்கு என் கையெழுத்து ஒன்று போதும். போட்டேன். போன செவ்வாய்க்கிழமை நடந்தது.

எத்தனை பேர் வந்தார்கள் என்று நீ கேட்பாய். ஆறு பேர். டவ்வரின் ஆட்களைச் சேர்க்காமல். மழை. பாதிரியார் அவள் பெயரை ஒருமுறை ஈடித் என்று சொன்னார். லென், "ஈனிட்" என்றான். அவர் திருத்திக்கொண்டார். மணி அடிக்கவில்லை, மணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியவில்லை.

லென் முதலில் பஸ் நிற்கும் இடத்தில்தான் போய் நின்றிருந்தான். சொன்ன வார்த்தையாம். அது ரெஜின் குழிக்குச் சொன்னது, இது என் குழி, என் இடத்துக்கு யார் வரலாம் என்று நான் சொல்வதுதான் சட்டம் என்று சாலையைக் கடந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இந்த ஒரு சட்டமாவது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வந்தேன். அவன் மண் போட்டான். கை துடைத்துக்கொள்ளவில்லை. தேநீர் குடிக்கும்போதும் அந்த மண் கையில் இருந்தது.

குழி வெட்டுகிறவன் ஒன்று சொன்னான். கடல் பக்கம் என்பதால் அங்கே ஒருவர் ஆழத்துக்கு மேல் போனால் தண்ணீர் ஊறுமாம். ஆக என் இடம் தீர்ந்தது. முதல்தரமான இடம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, மேயரும் கொஞ்சம் நனைந்துதான் கிடக்கிறார் போலிருக்கிறது. என்னைக் கொளுத்தி அக்கா காலடியில் போடச் சொல்லிவிட்டேன். எனக்கு நெருப்புப் பயம் இல்லை. அவள் திட்டுவாள். திட்டட்டும்.

லென் இப்போது என் பின்னறையில் இருக்கிறான். நகராட்சி வீடு ரெஜிடமிருந்து அக்காவுக்கு ஒருமுறை கைமாறியாயிற்று, இரண்டாவது முறை மாறாதாம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று அவன் எழுந்துபோய்ப் பார்க்கிறான். என் வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. சமையலறை வரை போய்த் திரும்பி வருகிறான்.

உன்னைத் திட்டி எழுதவில்லை என்று நீ ஆச்சரியப்படலாம். உன் அப்பாவோடு யார் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

நீ கேட்ட இடத்தைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன். இதைப் பிளாஞ்சார்ட் அம்மாளிடம் கேட்டு, அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன், என் சரக்கு எதுவும் இல்லை. ரெஜ் மேல் இருக்கும் இடம் உன்னுடையது. நீ கையெழுத்துப் போடாமல் நானோ, நகராட்சியோ, மகாராணியோ அதில் ஒரு மண்வெட்டி மண் எடுக்க முடியாது. உன்னை அதில் வைக்க மட்டும் யார் கையெழுத்தும் வேண்டாம். எத்தனை வருடம் ஆனாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே வேறு யாராவது பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து நீ அவசரப்பட வேண்டாம், கண்ணு. டாக்டர்களுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தாமதமாக வேண்டுமானாலும் வா.

முடிந்தால் உன் காலாலேயே நடந்து வா. ரயிலடிக்கு நான் வருகிறேன். லென் வேண்டாம் என்றால் அவன் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொள்வான், அவனுக்கு அது பழக்கம். உன் அம்மா இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நீயாகக் கேட்டால், மரத்தடி வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, மேயர் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

நேற்று ரெஜின் கல்லைப் போய்த் துடைத்தேன். அவர் பெயருக்குக் கீழே விட்ட வெற்றிடத்தில் பாசி பிடித்திருக்கிறது. அதை மட்டும் துடைக்கவில்லை. இன்னும் நன்றாகப் பிடிக்கட்டும்.

உன் அம்மாவின் தம்பி,
வில்ஃப்